ஈயத்தைப் பார்த்து இளித்தது பட்டி

பழைய கார்த் தகடுகளின் இணைப்பில் ஈயம் நிரப்புவதற்கான சாமான்கள் அடங்கிய ஒரு கிட்டை வாங்கிப் பார்த்தேன். அவசரக்காரர்களுக்காக நட்சத்திரக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிட்டில் வந்த ஈயக் குச்சிகளுக்கும் பூச்சுப் பசைக்கும் ஐந்துக்கு ஐந்து. மரக்கட்டைகளுக்கு நான்கு. அரத்துக்கு இரண்டு, அதுவும் தாராள மனசோடு. கூடவே மடித்து வைத்திருந்த ஒற்றைத் தாள் செய்முறைக்குச் சைபர். அந்தத் தாளை நம்பியதில் எனக்கு மூன்று வாரமும் ஒரு டப்பா பிரைமரும் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) போயின. அந்தக் கதை கீழே வருகிறது.

விற்றவர்கள் பெயரைச் சொல்லப் போவதில்லை. பழைய கார்களின் தகட்டு இணைப்பில் ஈயம் நிரப்புவதற்கென்று அமெரிக்காவில் விற்கிற கிட்டுகளில் நாலைந்தைப் பார்த்தேன். உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒரே சாமான்தான்: ஈயக் குச்சிகள், பூச்சுப் பசை ஒரு டப்பா, பசை தடவ ஒரு பிரஷ், இரண்டு மூன்று மரக்கட்டை, ஒரு அரம், ஒரு டப்பா கொழுப்பு. பெட்டியின் நிறம்தான் மாறுகிறது. நான் கொடுத்தது 150 டாலருக்குக் கொஞ்சம் குறைவு.

வண்டி 1967 ஃபோர்டு மஸ்டாங், சாதாரண கூப்பே. கதவுத் தகட்டில் இருக்கும் எண் 7 எஃப் 01 சி என்று தொடங்கும். 7 என்றால் 1967, எஃப் என்றால் டியர்பார்ன் தொழிற்சாலை, 01 என்றால் கூப்பே, சி என்றால் 289 கன அங்குல வி8 எஞ்சின். எனக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம் உண்டு. நான் தினமும் வேலைக்குப் போகிற வழியில்தான் டியர்பார்னில் ஃபோர்டின் ரூஜ் தொழிற்சாலை வளாகம் இருக்கிறது. என் வண்டி பிறந்தது அங்கேதான். 2004 மே மாதத்தோடு அங்கே மஸ்டாங் கட்டுவதை நிறுத்தி ஃப்ளாட் ராக் ஊருக்கு மாற்றிவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போது வண்டியின் தாய்வீட்டைத் தாண்டிப் போகிற மாதிரிதான் இருக்கும்.

பிரச்சினை இடது பின்பக்கத் தகட்டில். மிச்சிகனில் பனிக்காலம் முழுக்கப் பனி உருக ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். அது தகட்டை அரித்துவிடும். சக்கர வளைவு அப்பளம் மாதிரி நொறுங்கியிருந்தது. ஒட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், எனக்கு முன்னால் யாரோ ஏற்கெனவே மூன்று ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். சரி, முழுத் தகட்டையே மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தேன். முழுத் தகட்டை மாற்ற வேண்டுமென்றால் அது கூரையோடு சேரும் இடத்தைத் திறந்தாக வேண்டும். பின்கண்ணாடிக்குப் பக்கத்தில் சரிந்து இறங்குகிற அந்தத் தூணில்தான் தொழிற்சாலை ஈயம் இருக்கிறது.

இதெல்லாம் ஏன் என்று கேட்பவர்களுக்காக: கூரையையும் பின்பக்கத்தையும் ஒரே தகடாக அழுத்தி எடுப்பது அந்தக் காலத்தில் கட்டுப்படியாகாத வேலை. அதனால் இரண்டு தகடுகளைத் தனித்தனியாக அச்சடித்து, ஒன்றன்மேல் ஒன்றைப் படியவைத்து, ஸ்பாட் வெல்டிங் (புள்ளி புள்ளியாகப் பற்றவைப்பது) போட்டார்கள். சேரும் இடம் வெளியே தெரியக் கூடாது. அதனால் அந்த இடத்தை அச்சிலேயே ஒரு வாய்க்கால் மாதிரி தாழ்த்தி, வாய்க்காலை ஈயத்தால் நிரப்பி, ராவி மட்டமாக்கி, மேலே பெயின்ட் அடித்துவிடுவார்கள். நான் தகடு அழுத்தும் அச்சுகளோடு சம்பளத்துக்கு மாரடிக்கிறவன். அந்த வாய்க்காலின் விளிம்பைப் பார்த்தபோது, 1960களில் இதை வரைந்த ஆளுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

வேலையை ஆரம்பித்த வாரத்தில்தான் மாமனார் வந்து இறங்கினார். கும்பகோணத்தில் 30 வருடம் பாத்திரக் கடை வைத்திருந்தவர். முதல் நாள் ஜெட்லாக்கில் தூங்கினார். இரண்டாம் நாள் காலையில் கராஜில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்ன மாப்பிள்ளை பண்றீங்க?"

"வண்டியில ஈயம் இருக்கு மாமா. அதை எடுத்துட்டுப் புதுசா போடணும்."

"காரீயமா, வெள்ளீயமா?"

இந்தக் கேள்வியை இந்த ஊரில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நம் ஊரில் ஈயம் என்று பொதுவாகச் சொன்னாலும், ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம். விஷம் என்று பயப்பட வேண்டியது காரீயம். குச்சியில் 30 பங்கு வெள்ளீயம், 70 பங்கு காரீயம் என்றேன். மாமனார் ஒரு குச்சியை வாங்கி, தினசரித்தாள் ஓரத்தில் தேய்த்தார். பென்சில் மாதிரி கறுப்புக் கோடு விழுந்தது. "நல்ல வெள்ளீயம் இப்படிக் கோடு போடாது. காதுகிட்ட வச்சு வளைச்சா கிறீச்சுனு கத்தும். இது ஊமை," என்று திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவப் போனார். கிட்டோடு வந்த தாளில் கை கழுவச் சொல்லி ஒரு வரி இல்லை என்பதை இங்கேயே பதிவு செய்கிறேன்.

முதலில் பழசை எடுக்கிற வேலை. எங்கே பட்டி (பள்ளத்தை நிரப்பி இறுகுகிற பிளாஸ்டிக் பூச்சு), எங்கே ஈயம் என்று தெரிய வேண்டும். காந்தம் உதவாது; இரண்டிலும் ஒட்டாது. கத்தி முனையால் கீறினால் போதும். பட்டி பொடியாக உதிரும். ஈயம் சுருளாக வழித்துக்கொண்டு வரும், கீறிய இடம் வெள்ளி மாதிரி மின்னும், நாள் போனால் மங்கிவிடும். என் வண்டியில் ஈயத்துக்கு மேலேயே கால் அங்குலத்துக்குப் பட்டி பூசியிருந்தார்கள். வெயிலில் நிறுத்தினால் தூணின் குறுக்கே ஒரு மயிரிழைக் கோடு தெரியும். ஈயம் பிளந்துவிட்டது என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பிளந்தது பட்டி. கீழே 1967இன் ஈயம் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்பார்கள். இங்கே இளித்தது பட்டி, அதுவும் பல்லெல்லாம் தெரிய.

ஈயத்தைக் கிரைண்டர் வைத்து எடுக்கவே கூடாது. தூசி கராஜ் முழுக்கப் பறக்கும், செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் போகும். கார்த் தொழிற்சாலைகளிலேயே ஈயத்தை ராவுகிறவர்களைத் தனி அறைக்குள் வைத்து, குழாயில் காற்று வருகிற முகமூடி போட்டு வேலை வாங்கியிருக்கிறார்கள். 1978இல் அமெரிக்க அரசு வேலையிடக் காற்றில் ஈயத்துக்கு வரம்பு வைத்தது: 8 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த அளவுக்குக் கறாராக இருக்க வேண்டிய பொருளை வீட்டில் வைத்துத் தேய்க்கிறோம் என்ற நினைப்பு இருக்கட்டும். என் மனைவிக்கு அது என்னைவிட அதிகமாகவே இருந்தது. ஃப்ளின்ட் எங்கள் வீட்டிலிருந்து சுமார் ஒரு மணி நேரம்தான். 2014இல் அந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் ஈயம் கலந்த செய்திக்குப் பிறகு, மிச்சிகனில் ஈயம் என்ற சொல்லைச் சாதாரணமாகச் சொல்ல முடியாது. அவள் போட்ட நிபந்தனைகள்: கராஜுக்குத் தனிச் சட்டை, தனிச் செருப்பு, துணி தனியாகத் துவைக்க வேண்டும், காபி டம்ளர் உள்ளே வரக் கூடாது, பையன் வாசலைத் தாண்டக் கூடாது, வேலைக்கு முன்னாலும் பின்னாலும் எனக்கு ரத்தப் பரிசோதனை. எல்லாம் சரி என்றேன். இரண்டு பரிசோதனையிலும் டெசிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தது. இங்கே குழந்தைகளுக்கு 3.5 வந்தாலே கவனிக்கச் சொல்கிறார்கள்.

ஊதா கலந்த சிவப்பில் வட்டத் தட்டு வைத்த, நுண்தூசியை வடிகட்டுகிற பி100 முகமூடியைத் தனியாக வாங்க வேண்டும். கிட்டில் கிடையாது. இது எனக்குப் புரியவில்லை. மூன்று மரக்கட்டை வைக்கத் தெரிந்தவர்களுக்கு, ஒன்றைக் குறைத்துவிட்டு ஒரு முகமூடியோ கையுறையோ வைக்கத் தோன்றவில்லை.

சூடு காட்டித்தான் எடுக்க வேண்டும். பின்கண்ணாடி, உள்கூரைத் துணி, சீட் எல்லாவற்றையும் கழற்றியாயிற்று. கதவைத் திறந்து வைத்து, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்தினேன். சாதாரண புரொப்பேன் டார்ச்சே போதும். கொழுந்தை ஒரே இடத்தில் நிறுத்தாமல் விசிறி வீசுகிற மாதிரி ஆட்ட வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு ஈயத்தின் மேல் ஒரு வியர்வை வருகிற மாதிரி மினுமினுக்கும். அந்த நேரத்தில் கம்பி பிரஷால் ஒரு இழுப்பு. கீழே வைத்த தட்டில் பொத்துப் பொத்தென்று விழும். தட்டு உலர்ந்திருக்க வேண்டும். கூரைப் பக்கம் சூடு ஏறாமல் இருக்க ஈரச் சாக்கு போட்டிருந்தேன். தூசி பறக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் மாமனார் தட்டிலும் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க எழுந்தார். கத்தியே விட்டேன். உருகிய ஈயத்துக்கு அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் மாட்டினாலும் ஆவியாகி வெடித்து ஈயம் முகத்துக்கு வரும். மாமனாரிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பாத்திரத்துக்கு ஈயம் பூசறவனும் ஈரம் இருந்தா கிட்ட விட மாட்டான்," என்று திரும்ப உட்கார்ந்துகொண்டார்.

ஒரு பக்கத்தில் மட்டும் 640 கிராம் வந்தது. சமையலறைத் தராசில் நிறுத்தேன். அது இப்போது கராஜ் தராசு. சேர்ந்த ஈயத்தையும் அழுக்குத் துணிகளையும் மூடிபோட்ட டப்பாவில் வைத்து, கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) நடத்துகிற அபாயக் கழிவு சேகரிக்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள்.

வழித்து எடுத்துவிட்டோம் என்று உடனே வெல்டிங் மெஷினைத் தூக்கக் கூடாது. ஸ்பாட் வெல்டைத் துளைத்துத் தகடுகளைப் பிரித்துப் பார்த்தால், இடுக்குக்குள் எல்லாம் ஈயம் கசிந்து போயிருக்கும். எஃகு உருகுகிற சூட்டில் அந்த மிச்ச ஈயம் புகையும், துப்பும், வெல்டிங் முழுக்க ஊசித் துளை விழும். என் முதல் நாலு பிளக் வெல்டும் (தகட்டில் போட்ட துளையை நிரப்பிப் பற்றவைப்பது) தேன்கூடு மாதிரி வந்ததால் சொல்கிறேன். இரண்டு விளிம்பையும் திரும்பச் சூடாக்கித் துணியால் துடைத்து, பிறகு தண்ணீர் போட்டுக் கையாலேயே உப்புத்தாளால் தேய்த்தேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. புதுத் தகட்டை வைத்துப் பற்றவைத்தது அடுத்த வாரம். அதில் சொல்ல விசேஷம் ஒன்றும் இல்லை.

இனி கிட்டுக்கு வருகிறேன். பூச்சுப் பசை சாம்பல் நிறத்தில் விபூதி குழைத்த மாதிரி இருக்கும். ஈயத் தூளும் அரிக்கிற உப்பும் கலந்தது. பளபளவென்று சுரண்டிய தகட்டில் பிரஷால் தடவி, டார்ச்சைக் காட்டினால், பழுப்பாகக் கொதித்து வெள்ளைப் புகை வரும். மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"நவச்சாரம்!"

அவர் கடை வாசலில் வருடத்துக்கு இரண்டு தடவை ஒரு ஈயம் பூசுகிறவர் வந்து உட்காருவாராம். தெருவில் குழி தோண்டி, துருத்தி வைத்து, பித்தளை அண்டாவைக் கரியில் காய்ச்சி, நவச்சார உப்பைத் தூவி, வெள்ளீயக் குச்சியால் ஒரு தொடு தொட்டு, பஞ்சை வைத்து ஒரே துடைப்பில் சுற்றி வருவாராம். அண்டாவுக்குள் நிலா உதித்த மாதிரி இருக்கும் என்றார். கும்பகோணத்துத் தெருவில் அவர் பார்த்ததற்கும் மிச்சிகனில் நான் டப்பாவைத் திறந்து செய்ததற்கும் வித்தியாசம் துருத்திக்கும் புரொப்பேனுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். தகடு காய வேண்டும், உப்பு அழுக்கைத் தின்ன வேண்டும், ஈயம் தொட்ட உடனே துடைக்க வேண்டும். நான் பயந்து பயந்து ஒத்தி ஒத்தித் துடைத்ததைப் பார்த்து, "நிறுத்தாம ஒரே இழுப்பா இழுங்க மாப்பிள்ளை. நடுவுல கையை எடுத்தா அங்க ஒட்டாது," என்றார். தாளில் இல்லாத இரண்டாவது விஷயம் இது. இழுத்தேன். தகடு கண்ணாடி மாதிரி வந்தது. பசைக்கு ஐந்து நட்சத்திரம் என்றது அந்த ஒரு இழுப்புக்காக. நிரப்பப் போகிற இடத்துக்கு வெளியேயும் ஒரு அங்குலம் தள்ளிப் பூசிவிடுங்கள். பூச்சு இல்லாத இடத்தில் குச்சி ஈயம் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடும்.

குச்சிகளுக்கு ஏன் ஐந்து என்று கேட்டால், அந்த 30க்கு 70 கலவைதான் காரணம். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு விற்கிற சால்டரில் 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம். அது 183 டிகிரி சென்டிகிரேடில் சட்டென்று கட்டியிலிருந்து தண்ணீர் ஆகிவிடும். சர்க்யூட் போர்டுக்கு அது நல்லது. சரிவான தூணில் வைத்தால் கண்ணீர் மாதிரி வழிந்து போய்விடும். 30க்கு 70 கலவை 183இல் இளக ஆரம்பித்தாலும், முழுக்க உருக 255 டிகிரிக்கு மேல் ஆகிறது. நடுவில் இருக்கிற அந்த 70 சொச்சம் டிகிரியில் அது கட்டியும் இல்லை, தண்ணீரும் இல்லை. அந்த இடைவெளிக்குள்தான் மொத்தத் தொழிலும் இருக்கிறது. நான் வெப்பமானி எல்லாம் வைத்துப் பார்த்தேன், பிரயோஜனம் இல்லை. கண்தான் பார்க்க வேண்டும். அதிரசத்துக்குப் பாகு வைத்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். மேலே பளபளவென்று ஆனால் பதம் தாண்டிவிட்டது, கீழே வரப் போகிறது. ஓரத்தில் மணல் மாதிரி வெடித்தால் ஆறிவிட்டது, மேலே தேய்க்காதே. நடுவில் மங்கலாக, நெய் உறைகிற மாதிரி இருக்கும்போது கட்டையை வை.

முதல் நாள் மூன்று தடவை பதம் தாண்டியது. மூன்றாவது தடவை உருண்டை என் ஷூவின் நாக்குக்கும் சாக்ஸுக்கும் நடுவில் விழுந்தது. கணுக்காலில் இன்னும் ஒரு ரூபாய் அளவுக்குத் தழும்பு இருக்கிறது. இதற்குக் கிட்டைக் குறை சொல்ல முடியாது. தோல் பூட்ஸ் போடுங்கள், பேன்ட்டை வெளியே விடுங்கள்.

மரக்கட்டை கொத்தனாரின் மணியாஸ் கட்டைக்குத் தம்பி மாதிரி இருக்கும். மேப்பிள் மரம். சூட்டில் ஈயம் அதில் ஒட்டக் கூடாது என்பதற்காகக் கொழுப்பில் தொட்டுத் தொட்டுத் தேய்க்க வேண்டும். கிட்டில் வந்த கொழுப்பு டப்பாவின் லேபிளை மாமனார் என்னைப் படிக்கச் சொன்னார். மாட்டுக் கொழுப்பு என்றேன். நாற்காலி நாலடி பின்னால் போனது. அன்று சாயங்காலம் தேன்மெழுகு வாங்கி வந்தேன். உண்மையைச் சொன்னால், மெழுகு அதைவிட நன்றாகவே இருந்தது. கட்டை கருகுவது குறைந்தது, கராஜில் தீய்ந்த வாடைக்குப் பதில் கோயில் வாடை. சைவம் பார்க்கிறவர்கள் தயங்க வேண்டாம், மெழுகு வைத்தே இந்த வேலையைச் செய்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். கட்டைக்கு ஒரு நட்சத்திரம் குறைந்தது, மூன்றில் ஒன்றின் முகம் வளைந்து வந்ததற்காக.

அரத்தைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. ஈயம் ராவுவதற்குப் பிறை பிறையாகப் பல் வெட்டிய அரம் வேண்டும். அது தூளாக்காமல் சீவலாக எடுக்கும். தூள் பறக்காது என்பதால் ஆரோக்கியத்துக்கும் அதுதான். கிட்டில் வந்தது பார்க்க அப்படித்தான் இருந்தது, ஆனால் இரண்டு பல்லில் ஒரு பல் மழுங்கல். பழைய சாமான் சந்தையில் 15 டாலருக்கு ஒரு பழைய அமெரிக்க அரம் கிடைத்தது. தேங்காய்ப்பூ மாதிரி சீவியது. அரம் உள்ள கிட்டுக்கும் இல்லாத கிட்டுக்கும் விலை வித்தியாசம் பார்த்து, இல்லாததை வாங்கிவிட்டு நல்ல அரத்தைத் தனியாகத் தேடுங்கள்.

இப்போது அந்தத் தாள். ராவி முடித்தது வரை எல்லாம் அழகாகச் சொல்லியிருக்கிறார்கள். கடைசி வரி: "சுத்தம் செய்து பிரைமர் அடிக்கவும்." சுத்தம் என்றால் எனக்குத் துடைப்பது. எண்ணெய்ப் பசை போக்கும் திரவத்தால் துடைத்தேன், எபாக்சி பிரைமர் அடித்தேன், பெருமையாகப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். மூன்றாவது வாரம் இணைப்பு நெடுக அம்மை போட்ட மாதிரி கொப்புளம். பசையில் இருந்த உப்பு ஈயத்தின் ஓரத்தில் தங்கிவிட்டிருக்கிறது. அது அமிலம், எந்த பிரைமரையும் கீழிருந்து தூக்கிவிடும். அதை முறிக்காமல் விடக் கூடாது. சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்துக் கழுவி, பிறகு நிறைய வெந்நீர் விட்டு அலசி, சூடு காட்டிக் காயவைத்து, அதற்குப் பிறகுதான் கொழுப்பும் மெழுகும் போகத் துடைக்க வேண்டும். ஒரு டாலர் சோடா. ஒரே ஒரு வரி. கம்பெனிக்கு எழுதினேன், அடுத்த முறை வாங்கும்போது 10 சதவீதம் தள்ளுபடி என்று கூப்பன் வந்தது. தாளைத் திருத்துவதாகச் சொல்லவில்லை.

வலது பக்கத்தில் தகடு நன்றாக இருந்தது, ஆனால் ஈயத்தில் ஊசித் துளைகள். இதில் காரீயம் கலக்காத குச்சியைப் போட்டுப் பார்ப்போம் என்று வாங்கினேன். பெரும்பகுதி வெள்ளீயம்; விலை இரண்டு மடங்குக்கு மேல். மாமனார் காதருகில் வளைத்துப் பார்த்து, "லேசா முனகுது" என்று சான்றிதழ் கொடுத்தார். விஷம் இல்லை என்ற நிம்மதி பெரிய நிம்மதிதான். ஆனால் பதம் நிற்கிற நேரம் குறைவு. கட்டையை எடுத்து மெழுகில் தொட்டுத் திரும்புவதற்குள் இறுகிவிடும், அவசரப்பட்டுச் சூடு காட்டினால் ஓடிவிடும். ராவுவதற்கும் கொஞ்சம் கடினம். இடது பக்கத்துக்கு ஒன்றரை நாள் ஆன வேலை வலது பக்கத்துக்கு மூன்று நாள். இருந்தாலும் வீட்டில் தவழுகிற குழந்தை இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: பழைய ஈயத்தை எடுக்கும்போது காரீயம் எப்படியும் உங்கள் மேல் வரும். புதுக் குச்சி சுத்தம் என்பதால் முகமூடியைக் கழற்றக் கூடாது.

பெயின்ட் அடிக்கிற நண்பர் ஒருவர், "இந்தக் காலத்தில் யாராவது இதைச் செய்வார்களா? இணைப்பை முழுக்க வெல்ட் செய், கண்ணாடி இழை கலந்த பட்டியைப் போடு, அரை நாளில் முடிந்தது," என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. கீழே வெல்டிங் உறுதியாக இருந்து, மெல்லிசாகப் பூசினால் இன்றைய பட்டி நன்றாகவே நிற்கும். சாதாரணப் பட்டி ஈரத்தை உறிஞ்சும், விளிம்பில் உதிரும், கனமாகப் பூசினால் என் வண்டி மாதிரிப் பிளக்கும். ஈயம் தகட்டோடு தகடாக ஒட்டிக்கொள்கிறது, ஈரம் குடிப்பதில்லை. ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. பவுடர் கோட்டிங் (பெயின்ட் தூளைத் தூவிச் சுட்டு ஒட்டவைப்பது) அடுப்பில் 200 டிகிரி வைப்பார்கள். ஈயம் 183இல் இளகிவிடும். அந்தத் திட்டம் இருப்பவர்கள் ஈயத்தின் பக்கமே வர வேண்டாம்.

அப்புறம் ஒரு உண்மை. ஈயத்தை எவ்வளவு ராவியும் கையால் தடவினால் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது. எபாக்சி அடித்து, அதன் மேல் காகித கனத்துக்கு ஒரு பூச்சுப் பட்டி போட்டேன். நண்பர் பார்த்துவிட்டு இளித்தார். இளிக்கட்டும்.

இரண்டு பக்கத்துக்கும் ஒரே கிட்டின் பசை போதுமாக இருந்தது. ஒரே ஒரு இணைப்புக்காக 150 டாலர் கொடுக்க வேண்டாம். குச்சி நாலும் பசையும் தனியாக வாங்கி, கட்டையை நீங்களே செதுக்கிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும், கூடவே வேறு இடமும் இருக்கிறதென்றால் கிட் லாபம். வண்டி பெயின்டுக்குப் போய் வந்து ஒரு பனிக்காலமும் தாண்டிவிட்டது. வெயிலில் நிறுத்தி, தூணுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் கோடு இல்லை.

மாமனார் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், மிச்சமிருந்த மூன்று குச்சிகளை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு டேப் ஒட்டினார். மூடியில் மார்க்கரால் கடையில் விலைச் சீட்டு எழுதிய அதே கையெழுத்தில் எழுதி, அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டுப் போனார்: "காரீயம். ரசத்துக்கு ஆகாது."